மாதம் இருபத்திமூன்று டொலர்

மாங்குளம் சந்தியில்
டயர்க் கடைக்கும் பாமசிக்கும் நடுவில் என் கடை.
கலியாணக் காட், கண்ணீர் அஞ்சலி, றப்பர் முத்திரை,
சாமத்திய வீட்டுப் பதாகை.
எல்லாம் கீறியது
வவுனியாவில் ஒருவன் ஐந்நூறு ரூபாய்க்கு ஏற்றித்தந்த
பூட்டுடைத்த மென்பொருளில்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள்
அதோடு கூடவந்த ஏதோ ஒரு வைரஸ்
நாலு வருஷக் கோப்புகளையும்
வாசிக்க முடியாத எழுத்துகளாக்கிவிட்டுப் போனது.
ஐந்நூறு என்று நான் எழுதிவைத்த கணக்கு
அன்றைக்குத்தான் வட்டியோடு வந்தது.

இனி ஒழுங்காய் வாங்குவம் என்று விலை பார்த்தேன்.
மாதம் இருபத்திமூன்று டொலர்.
டொலரை முந்நூறால் பெருக்குகிற பழக்கம்
இப்ப இஞ்ச எல்லாருக்கும் இருக்கிறது.
கடை வாடகையில் பாதி.
கட்டினாலும் அது என்னுடையதில்லை,
கட்டாத மாதம் கதவு பூட்டும்.
"ஒரு கோடு கீறுகிறதுக்கு இவ்வளவோ!"
வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
பாமசிக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஸ்காபரோவில் இருந்து சசிதரன் அண்ணா
"என்ர காட்டில போடுறன், யோசிக்காதை" என்றார்.
யோசித்தேன்.
மாதா மாதம் ஒரு "நன்றி அண்ணா".
அவர் மாமியின் அந்தியேட்டிக்குச் சும்மா ஒரு கல்வெட்டு.
கோல் எடுக்கத் தவறினால் ஒரு சமாதானம்.
அதுவும் சந்தாதான்,
டொலரில் இல்லை என்கிறதுதான் வித்தியாசம்.

இலவசமானதை இறக்கினேன்.
இறக்கவே ஒரு டேட்டா காட் முடிந்தது.
பொத்தான்கள் எல்லாம் வேறு வேறு இடத்தில்;
இன்னொருத்தியின் குசினிக்குள்
உப்புப் போத்தல் தேடுகிற மாதிரி மூன்று கிழமை.
முதல் அச்சில்
அம்மன் கோயில் நோட்டீசின் குங்குமச் சிவப்பு
கிரவல் றோட்டு நிறத்தில் வந்தது.
ஆயிரம் பிரதி, என் செலவில்.
இலவசம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
அந்தத் தொகையையும் எழுதிவைத்தேன்.

அந்தக் கிழமைதான் இராசமலர் வந்தா,
ஒட்டுசுட்டான் பாற்பண்ணைச் சங்கச் செயலாளர்.
தயிர் மூடியில் ஒட்டவும்
பால் பவுசரின் பக்கத்தில் அடிக்கவும்
ஒரே மாடு வேணுமாம்.
போனில் ஒரு படம்: முழங்கால் வரை சேற்றோடு
சிவலைப் பசு.
"இதையே பெருப்பிச்சால் என்ன?"
பெருப்பித்துக் காட்டினேன்.
மாடு சதுரம் சதுரமாய் உடைந்தது.
"சரி, கீறுங்கோ. எவ்வளவு?"
"ஏழாயிரம்."
"ஒரு மாட்டைக் கீறுகிறதுக்கு இவ்வளவோ!"

பாமசிக்காரர் மறுபடி எட்டிப் பார்த்தார்,
நான்தான் பேசுகிறேன் என்று நினைத்து.

இராசமலர் விரல் மடித்து
லீற்றர் லீற்றராய் எண்ணினா.
எத்தனை பேர் நாலு மணிக்கு எழும்பிக் கறக்கிற பால் என்று
நான் கேட்கவில்லை.
புள்ளியும் வளைவும் என்னவென்று
நானும் விளங்கப்படுத்தவில்லை.
ஐயாயிரம் என்று இறங்க வாயெடுக்க முன்னம்
"ஆறு தாறன்.
பிழைச்சால் திருப்பிக் கீறித் தரோணும்" என்றா.

மூன்று இரவு. ஒரு இரவு கரண்ட் இல்லை.
புள்ளி வைத்து, அதன் இரண்டு பிடியையும் இழுத்து,
கொம்பை வளைத்தேன்.
காதுக்கு ஒன்பது புள்ளி.
நாலு போதும், அதிகம் வைத்தால் கோடு நடுங்கும் என்று
காது முடிந்த பிறகுதான் பிடிபட்டது.
பவுசரில் நிறம் பிழைக்கக்கூடாதே என்று
மற்றதை ஒரே ஒரு மாதம் வாங்கினேன், என் காசில்.
நிறத்தைச் சரிப்படுத்திவிட்டு
அன்றிரவே நிற்பாட்டினேன்.
அந்த ஒரு மாதத்துக்கு அது விலை கூட என்று
என்னால் இப்பவும் சொல்ல முடியவில்லை.
பன்னிரண்டு மாதத்துக்கு,
சொல்லுவன்.

நேற்று ஏ ஒன்பதில் பவுசர் போனது.
டயர்க் கடைப் பெடியன்தான் முதலில் கண்டு கூப்பிட்டான்.
ஆள் உயரத்துக்கு மாடு,
விளிம்பு ஒரு இடத்திலும் உடையவில்லை.
இடது காதில் மட்டும்
தேவையில்லாத ஒரு புள்ளி
வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.
தயிர் மூடியில் கண்ணுக்கே தெரியாதது,
பவுசரில் ஒரு சாண்.

இராசமலர் இன்னும் கோல் எடுக்கவில்லை.
கோப்பைத் திறந்து வைத்திருக்கிறேன்.