பக்கம் ஆறு, பத்தி மூன்று

நீதிமன்றத் தாளை அல்ஃபேயே கொண்டுவந்தான்,
மீன் வாடையோடு, நாலாய் மடித்து.
டிரக் அவனுக்கு.
படகும் டிரெய்லரும் ஒதீலுக்கு.
பக்கம் ஆறு, பத்தி மூன்று.

சரி, கழற்ற வேண்டியதுதானே என்றேன்.
கழலவில்லை என்றான்.

பதினோரு மாதமாக மாட்டியே கிடந்திருக்கிறது.
கானாங்கெளுத்தி சொல்லிவிட்டா வரும் என்பது அவன் கட்சி.
நடுராத்திரி விரிகுடா கொதிக்கும்போது
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
முன்னே போய், பின்னே வந்து
குமிழுக்குக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாதாம்.
அதனால் படகோடு ரொட்டி வாங்கப் போனான்.
படகோடு பல் பிடுங்கப் போனான்.
அவள் அக்காளின் சாவு ஊர்வலத்தில்
சவ வண்டிக்கு மூன்றாவதாக
பதினெட்டடிப் படகும் துக்கத்தில் கலந்துகொண்டது.
ஞாயிற்றுக்கிழமை மெட்டகான் கோவில் வாசலில்
நாலு கார் நிற்கிற இடத்தை அடைத்துக்கொள்ளும்.
பாதிரியார் ஒன்றும் சொல்லமாட்டார்,
வெள்ளிக்கிழமை அவருக்கு மீன் போய்விடும்.

ஒதீல் சொல்வது வேறு.
பின் ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது பார்,
முகப்பு விளக்கு சாலையை விட்டு மரத்து உச்சியைக் காட்டுகிறது பார்,
வீடு வந்தால் இறக்கி வை, சக்கரத்துக்குக் கட்டை கொடு.
சொல்லி அலுத்து, அவளே குனிந்தாள்.
கடலில் இறக்கி ஏற்றிய ஒவ்வொரு தடவையும்
நல்ல தண்ணீர் பீய்ச்சினாள்.
பேரிங்குக்குக் கிரீஸ் ஊட்டினாள்;
பழையது பால் விட்ட காப்பி நிறத்தில் பிதுங்கினால்
உள்ளே தண்ணீர் போயிருக்கிறதென்று
அன்றைக்கே பிரித்துப் போட்டாள்.
இடது இண்டிகேட்டர் மூன்றாம் முறை செத்தபோது
ஒயரையே மாற்றினாள்.
சங்கிலி இரண்டையும் குறுக்கே பின்னினாள்,
என்றைக்காவது விட்டுப் போனால்
மூக்கு தரையில் குத்தக்கூடாது.

எல்லாம் செய்தாள்.
அந்தக் கிண்ணத்துக்குள் மட்டும் விரல் போகவில்லை.
கழற்றினால்தானே வைக்கலாம்.

சனிக்கிழமை அவளும் வந்தாள்,
தம்பி எல்வாவின் டிரக்கை ஓட்டிக்கொண்டு.
இருவரும் பார்த்தது கொக்கியை மட்டும்.
எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தேன்.
ஜாக்கியை வைத்துத் தூக்கினேன்,
டிரக்கின் பின்புறமும் கூடவே எழுந்தது.
சுத்தியலால் அடித்தேன், நெருப்புக் காட்டினேன்.
உடும்புப் பிடி.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை
இரும்புதான் ஓரெழுத்து பிசகாமல் கேட்கிறது.

'யார் கிரீஸ் வச்சிருக்கணும்?'
'மாட்டினவன்.'
'மத்ததுக்கெல்லாம் வச்சவ.'
அதற்குமேல் பேச்சில்லை.
அவன் சம்மட்டியை எடுத்தான், அவள் விளக்கை எடுத்தாள்;
எங்கே பிடி என்று அவன் சொல்லவில்லை,
அங்கேதான் பிடித்தாள்.

கடைசியில் டிரக்கில் செருகியிருந்த இரும்புக் கட்டையின்
கடையாணியை அறுத்துப் போட்டேன்.
நாலு அடியில் கட்டையும் குமிழும் சேர்ந்தே
டிரெய்லரோடு உருவிக்கொண்டு வந்தன.
டிரக் நாலு விரற்கடை உயர்ந்தது.
'இவ்வளவு உசரமா இது?' என்றான்.

அதே கட்டையை எல்வாவின் டிரக்கில் செருகி
புது ஆணி போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது.
கழற்றவே இல்லை, பார்க்கப்போனால்.

'அந்தக் குமிழ் என் காசுல வாங்கினது,' என்றான் அல்ஃபே.
தாளைப் பிரித்து பானட்டின் மேல் வைத்துத் தேடினோம்.
பக்கம் ஆறில் இல்லை. ஏழிலும் இல்லை.
'வேணும்னா கழட்டிக்கோ,' என்று ஏறி உட்கார்ந்தாள்.

விளக்கு ஒயரைச் சொருகிவிட்டு
பழக்கத்தில் பின்னால் போய் நின்றான்.
இடது?
'எரியுது.'
வலது?
'எரியுது.'
பிரேக்கை மிதித்தாள்.
கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் சொல்லவில்லை.