வின்னிபெக்கில் எட்டேகால் மணி

பதினோராவது ஊர். பதினோராவது முறையாக
நெரினா அதே ஆலங்கட்டி மழையைப் பெய்விக்கிறாள்:
"எட்டே நிமிடம். அந்த வருடத்து அறுவடை
ஒரு கூடைக்குள் அடங்கிவிட்டது."
இங்கே நிறுத்துவாள். நான் மூன்று எண்ணுவேன்.
"அந்தக் கூடையைத்தான் இப்போது குடிக்கிறீர்கள்."
சிரிப்பு வரும். அதன் முதுகிலேயே
என் தட்டுகள் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்.

எங்களுக்கு மணவிலக்கு ஆகி ஆறு வருடம்.
அவள் ஒயினுக்கும் என் சமையலுக்கும் ஆகவில்லை.
விடுதியில் இரண்டு அறை, ஒரே ரசீது.
மலைச்சரிவில் நான்கு ஹெக்டேர் திராட்சைக்கொடி அவள் பெயரில்,
கடன் இருவர் பெயரில்.

ஏப்ரல் முடியப்போகிறது. இங்கே ஆற்றங்கரையில்
பனி இன்னும் அழுக்குத்துணியாய்க் கிடக்கிறது.
மார்லிஸ் ஃப்ரீசனின் உணவகம், பன்னிரண்டு மேசை.
காட்டுப்பன்றி கிடைக்கவில்லை;
காட்டெருமையை நேற்றிரவே சிவப்பு ஒயினில் ஊறப்போட்டேன்.
ரொட்டி மட்டும் தோஸ்கானா முறைப்படி, உப்பே சேர்க்காமல்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பவர்கள்
எங்கள் அடுப்புப் பக்கம் வந்ததில்லை.
ஆனாலும் எல்லா ஊரிலும் யாராவது ஒருவர்
தயங்கித் தயங்கிக் கையைத் தூக்குவார்: கொஞ்சம் உப்பு?
இந்த ஊரில் பல் மருத்துவர்.

எட்டேகால். கூடைவரை வந்துவிட்டாள்.
நிறுத்தினாள்.
மூன்று எண்ணினேன்.
ஏழு எண்ணினேன்.
தட்டுகளில் குழம்பின் மேல் ஆடை படர்கிறது.
எட்டிப் பார்த்தேன். போத்தலுக்குப் பக்கத்தில்
அவள் கைபேசி மல்லாந்து கிடந்தது.

அங்கே அதிகாலை மூன்றேகால்.
அவள் சித்தப்பா மகன் வாஸ்கோ அனுப்பிய படம்:
கொடி வரிசைகளுக்கு நடுவே, கண் எட்டும் மட்டும்,
தகர டப்பாக்களில் மெழுகு எரிகிறது.
புகை. கீழே ஓர் எண் மட்டும்: மைனஸ் இரண்டு.
மொட்டு விரிந்து பத்து நாள்தான் ஆகிறது.

அவள் முன்னால் பன்னிரண்டு மேசை,
மேசைக்கொரு மெழுகுவர்த்தி,
மார்லிஸ் அழகுக்காக ஏற்றியது.

"அந்தக் கூடையைத்தான்…" என்றாள் ஒருவழியாக.
சிரித்தார்கள். நான்காம் மேசையில் ஒருவர் சிரிக்கவில்லை.
ஹார்வி டைக், கோதுமை விவசாயி. ஒயின் தொடாதவர்.
மனைவியின் பிறந்தநாளுக்காகக் கழுத்துப்பட்டி கட்டி வந்தவர்.
"அங்கே இப்போது எத்தனை டிகிரி?" என்றார்.

பத்து ஊரிலும் யாரும் கேட்காதது.
என்ன மண், பீப்பாய் எந்த மரம்,
பாலாடைக்கட்டிக்கு எது சேரும், இவைதான் கேட்பார்கள்.
சொன்னாள். அவர் மணிக்கட்டைத் திருப்பினார்.
"சூரியன்?"
"ஆறு இருபத்தைந்து. உங்களுக்குப் பதினொன்று இருபத்தைந்து."

பத்து மணிக்குக் கூட்டம் கலைந்தது.
பல் மருத்துவர் ஆறு போத்தலுக்கு எழுதிக்கொடுத்தார்.
திருமதி டைக் கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தவள்
கணவர் எழாததைப் பார்த்து உருவிக்கொண்டாள்.

அப்புறம் யாரும் ஒயினைப் பற்றிப் பேசவில்லை.
ஜூன் மாதத்தில் ஒருமுறை உறைபனி விழுந்ததை
அவர் சொன்னார். கனோலா, எழுபது ஏக்கர்.
எங்கும் நிறுத்தாமல் சொன்னார்.
மிச்ச ரொட்டியை வாட்டி எண்ணெய் ஊற்றினேன்,
உப்பைத் தூவினேன்.
நெரினா பார்த்தாள். எடுத்துத் தின்றாள்.

மார்லிஸ் மெழுகுவர்த்திகளை
ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டே வந்தாள்.
நான்காம் மேசையில் வாயைக் குவித்தவள்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பதினொன்று இருபத்தைந்து.
பதினொன்று முப்பத்தொன்று.
வாஸ்கோ: விடிந்துவிட்டது. பூஜ்யம்.
மொட்டு கருகியதா என்று தெரிய இரண்டு நாள் ஆகும்.
நாளை இரவு சாஸ்கட்டூனில் மறுபடி கூடை.

டைக் தொப்பியை எடுத்துக்கொண்டார்.
மரியாதைக்கு ஊற்றிவைத்த அவர் கோப்பை
அப்படியே இருந்தது.
நெரினா அதை எடுத்தாள். முகரவில்லை, சுழற்றவில்லை.
நின்றபடியே தண்ணீர் மாதிரிக் குடித்துவிட்டு
என்னிடம் கேட்டாள்:
விமானம் எத்தனை மணிக்கு?