மூன்றரை மில்லிநொடி

வெஸ்ட்வில் குன்றில் நள்ளிரவு தாண்டி ஒன்றே கால்.
வார்விக் சந்தை வேர், இடித்து வடித்து,
கண்ணாடிக் குழாயில் இரண்டு விரற்கடை.

ஹைட்ரஜனை ஒரு தட்டு தட்டிச் சாய்த்துவிட்டுச்
சும்மா இருக்கவேண்டும், மூன்றரை மில்லிநொடி.
நூறில் ஒரு கார்பனுக்குத்தான் காது;
அண்டைவீட்டுச் சேதி அதற்கு எட்ட
அவ்வளவு ஆகும்.
பிறகு கார்பனுக்கு ஒரு தட்டு.

இனி ஆட்டம் இருவருக்கும் பொது.
சுருளுக்கோ சேர்ந்தாடுவது கேட்காது;
ஹைட்ரஜனிடமே திரும்பி வந்தால்தான்
திரையில் ஒரு புள்ளி.

"காத்திருப்பைப் பாதியாக்கிவிட்டாய்," என்றாள் நொபான்ட்லா.
ஆமாம். இரண்டு மணிக்கு மின்வெட்டு என்று
கை அவசரப்பட்டிருக்கிறது.
மில்லிநொடியில் மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறேன்?
திருத்தினேன்.
அவள் ஃப்ளாஸ்க் மூடியில் ரூயிபோஸ் ஊற்றினாள்,
ஒரே மூடி.

முப்பதாம் வரிசையில் விளக்கு போயிற்று.
ஹீலியத்தில் முங்கிக் கிடக்கும் காந்தத்திடம்
யாரும் சொல்லவில்லை.