இருபத்து மூன்றாம் விலா

ஒன்றுக்கு அறுபத்து நாலு.
இந்தக் கணக்கில் நான்
இரண்டரைச் சென்ரிமீற்றர் உயரம்.
கீழ்த்தட்டில் பீரங்கிகளுக்கு இடையே
தலை இடிக்காமல் நடந்துபோவேன்.

பகலில் பல் கட்டுகிறேன்,
ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில்.
பல்லின் வெள்ளைக்குப் பதினாறு சாயல்;
கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.
இரவில் அதே துளைகருவி
முதிரைச் சிராய்களில் இறங்குகிறது.
இந்தக் கப்பலில் இரும்பாணி குறைவு, மர ஆணிதான்.
மூங்கிலைச் சீவிச் சீவி
ஆறாயிரம் வரை எண்ணினேன்,
பிறகு எண்ணவில்லை.

கிண்ணியா மரக்காலையில் சாலிஹீன்
கழிவுத் துண்டுகளை உரப்பையில் கட்டித் தருவார்.
"கப்பல் எப்ப வெளிக்கிடும்?"
"இன்னும் பத்து வருசம்."
"அப்ப ஹஜ்ஜுக்கு நான்
பிளேன்லதான் போகவேணும்."

வரைபடம் வந்தது தொண்ணூற்றாறில்.
கொழும்பிலிருந்து பஸ்ஸில், தகரக் குழாயில், மடிமேல்.
மட்டிக்களிச் சென்றியில் இறக்கினார்கள்.
ஏழு தாள்.
நீளவாக்கில் பிளந்த ஒரு போர்க்கப்பல்.
பீரங்கி வாய்களை ஒருவன் சத்தமாக எண்ணினான்.
எழுபத்து நாலு.
"எந்தக் கப்பல்?"
"இருநூறு வருசத்துக்கு முந்தினது."
"எங்க நிக்குது?"
"இங்கதான் நின்றது."
அது சொல்லக்கூடாத பதில்.

மூன்று மணித்தியாலம் வாங்கில் இருந்தேன்.
மான் ஒன்று மணல் மூட்டையை மணந்துவிட்டு
அடையாள அட்டை இல்லாமல் கடந்துபோனது.
பிறகு ஓர் அதிகாரி வந்தார். இளம் வயது.
தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து,
ஒரு கயிற்றின் கோட்டை விரலால் தொடர்ந்து
நடுப்பாய்மரத்தின் உச்சிவரை ஏறினார்.
அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.
இறங்கியதும்
சுருட்டவேண்டிய தாளை
சேட்டுப் பைக்குள் வைக்கிற கடிதம் மாதிரி
நாலாய் மடித்துத் தந்தார்.
ஈரக் கை.
மடிப்பு விழுந்த இடம் இருபத்து மூன்றாம் விலா.
கோடு கரைந்து ஒரு நீலப் புகை.

மற்றதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.
நங்கூர வடம் இடம்புரி,
பாய்க்கயிறுகள் வலம்புரி.
சங்குக்கு நேர்மாறு:
கப்பலில் இடம்புரிதான் அருமை.
பாய்களுக்குத் தேயிலைச் சாயம்,
இரண்டு முறை, வெயில் படாமல்.
அவை ஏறிய நாளிலிருந்து
தவயோகன் ஃபான் போடுவதில்லை.
வியர்த்துக்கொண்டே பேப்பர் படிக்கிறார்.

ஆனால் வரைபடம் சொல்வது
கப்பல் கடலில் இறங்கிய காலையை.
ஒரு காயமும் இல்லாத காலை.
எனக்கு வேண்டியது அதுவல்ல.
பதிவேட்டின் பிரதியில் இருக்கிறது:
முன்பாய்மரம் முறிந்து,
ஒட்டிய மரத்தோடு
உட்துறைமுகத்துக்குள் இழுபட்டு வந்தது;
முரசு வீங்கிய நூற்றிப் பத்துப் பேர்
கரையில் இறக்கப்பட்டார்கள்.
உதிர்ந்த பற்களை ஒருவரும் எழுதிவைக்கவில்லை.
அந்த வரியில்
என் தொழில் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஆகவே முன்பாய்மரத்தை முறித்தேன்.
நாலு மாதம் செதுக்கியது.
அதற்கு ஒட்டுப்போட
இந்த ஊர்ச் சமண்டலையில் ஒரு துண்டு,
நிறம் பொருந்தாமல்,
பொருந்தவே கூடாதபடி.
தட்டில் ஆட்கள் இல்லை.
எலுமிச்சங்காய்க் கூடை மட்டும் ஒன்று,
கடுகளவு காய்கள்.

இருபத்து மூன்றை
இருபத்திரண்டையும் இருபத்து நாலையும் பார்த்து
ஊகத்தில் வளைத்தேன்.
பலகை அடித்து மூடினேன்.

யுத்தம் முடிந்து இரண்டாம் வருசம்
புதிய பிரதி தபாலில் வந்தது.
மடிப்பில்லாத தாள்.
அளந்தேன். ஒரு மில்லிமீற்றர் பிழை.
கடலின் கணக்கில் நாலு விரற்கடை.
சாலிஹீனிடம் சொன்னேன்.
"தண்ணி வருமா?" என்றார்.
வராது.
"அப்ப விடுங்கோ."

விட்டேன்.
பார்க்கிறவர்கள் பாய்மரத்தைப் பார்க்கிறார்கள்,
ஏன் முறிந்தது என்று கேட்கிறார்கள்.
இடப்புறம், நீர்மட்டத்துக்குக் கீழே
விரலை ஓட்டினால்
எனக்கு மட்டும் தட்டுப்படும்,
மூலை உடைந்த பல்
நாக்குக்குத் தட்டுப்படுவதுபோல்.