எட்டுக் கால் நண்டு முந்தியது

வெள்ளிக்கு முன் வேண்டுமாம்.
வாழைச்சேனைப் பாலர் பாடசாலைகளுக்கு
ஐம்பத்திரண்டு கார்ட்டூன் பாட்டுக்கும் ஒரே அட்டவணை:
எண், தலைப்பு, என்ன பாடம், எத்தனை நிமிடம், யார் பாடியது.

எண்ணிலேயே நிற்கிறேன்.

எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதி.
நாவற்குடாவில் வெள்ளம் படியேறிய இரவு,
மருந்துக்கடைக்கு மேலிருந்த எங்கள் அறையில்
ருஸைக்கா ஒரு டிஸ்க்கில் அள்ளிப்போட்ட தேதி.
அன்றைக்கே பிறந்தவை போல்
அகரமும் பல்துலக்கலும்
மழை எப்படி வருகிறது என்பதும்.
பெயர்களோ இன்னும் மோசம்:
கடைசி. கடைசி இரண்டு. உண்மையிலேயே கடைசி.
ஞானரூபன் வைத்தவை. கட்டாரில் இருக்கிறான்.
கேட்டால் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்புகிறான்.

ஆகவே நண்டைப் பிடித்தேன்.

எங்கள் கதாநாயகன் நண்டு.
மட்டக்களப்பென்றால் மீன்தானே பாட வேண்டும் என்று
கொழும்பில் ஒருவர் கேட்டார்.
மீனுக்குக் கால் இல்லையே, எதை எண்ணுவது என்றோம்.
தொடக்கத்தில் அதற்கு எட்டுக் கால்.
எட்டோடு நிறுத்திப் பெருமையாய் ஒரு ஆட்டம் வேறு.
பிறகு கல்லாற்றிலிருந்து ஒரு தகப்பன்,
வலை உதறும் சத்தத்துக்கு நடுவே, தொலைபேசியில்:
"நண்டுக்குப் பத்துக் கால் தம்பி.
என்ட மகன் இப்ப என்னை நம்புறானில்ல."
ருஸைக்கா அன்றிரவே இரண்டு கால் வரைந்தாள்.
எட்டு முந்தியது, பத்துப் பிந்தியது.
குவியல் இரண்டாய்ப் பிளந்தது.

மறுகா பல்.

கேதுஷாவுக்கு அப்போது ஆறு வயது.
கிழமைப் பாட்டில் 'சனி' 'தனி' ஆகிறது:
முன்பல் விழுந்துவிட்டது.
'சிவப்பென்றால் நில்' விசிலடிக்கிறது:
பாதி முளைத்திருக்கிறது.
தபால்காரர் பாட்டில் ச சுத்தம்.
ஒரு பிள்ளையின் வாய்க்குள் டார்ச் அடித்து
மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பாடம் என்ற பெட்டியும் லேசில் விடவில்லை.
பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாட்டுக்குப்
பொறுமை என்று எழுதினேன், அழித்தேன்,
போக்குவரத்து என்றேன்.
மூன்று நிமிடம் பஸ் வரவேயில்லை அதில்.

உயிரெழுத்துகள் நல்ல பிள்ளைகள், தாமே வரிசையில் நின்றன.
ஔ-வுக்குச் சொல் அகப்படாமல்
கீழ்க்கடையின் இருமல் மருந்துப் போத்தலை வரைந்து
ஔடதம் என்றோம்; கடைக்காரர் பூரித்து
ஒரு கிழமை வாடகை கேட்கவில்லை.
பன்னிரண்டு முடிந்தது. பதின்மூன்றில்
ஃ.

நாற்பத்தொரு வினாடி.
மூன்று புள்ளிகள் உருண்டு வருகின்றன.
இரண்டு அமர்கின்றன, மூன்றாவது மேலே தாவி
விழாமல் நிற்கப் பார்க்கிறது.
பாட்டு இல்லை.
அந்தக் கிழமை கேதுஷா டெங்கு வார்டில்.
படத்தை முடிப்போம், மறுகா பாடுவாள் என்றோம்.
மறுகா வெள்ளம். மறுகா காசில்லை. மறுகா கட்டார்.
ஒலியைக் கூட்டினால் தகரத்தில் மழை;
யாரோ கதிரையை இழுக்கிறார்கள்.

தலைப்பு: ஃ.
பாடம்: தனித்து நிற்கும் எழுத்து.
நேரம்: 0.41.
பாடியவர்:

வெறுமையாய் விட்டால் பெட்டி சிவக்கிறது,
அட்டவணை சேமிக்க மறுக்கிறது.
கேதுஷாவிடமே கேட்டேன். கல்லடியில் இருக்கிறாள்,
பரீட்சைக்குப் படிக்கிறாள். குரல் செய்தி வந்தது,
ஞாபகமில்லாத, பெரிய பிள்ளைக் குரல்:
"அத எப்புடி அண்ணா பாடுற?
சொல்லவே வராதே அது. காத்துத்தானே வரும்."
பிறகு பகிடியாய் ஒருமுறை ஊதிக் காட்டினாள்,
திருத்தமான பற்களுக்கிடையே.

ஒரு வினாடிகூட இல்லை.
பாடியவர் பெட்டியில் அவள் பெயரை இட்டேன்.
சிவப்புப் போனது. சேமித்தாயிற்று.

இன்னும் ஒன்றுக்கு எண் இல்லை.
நள்ளிரவு தாண்டித் திறக்கிறேன்: கடலைக் கூட்டிப் பெருக்கும் பாட்டு.
படத்தை நிறுத்தி, விரலை வைத்து வைத்து, இரண்டு தரம் எண்ணுகிறேன்.
நண்டுக்கு ஒன்பது கால்.

ருஸைக்கா தூங்கியிருப்பாள்.