மிச்ச அழுத்தம்

றோட்டு பள்ளமாய்க் கிடந்தவரைக்கும்
பள்ளந்தான் பிறேக்.
ஒலுமடுவிலிருந்து மாங்குளம் வரை
இரண்டாம் கியரைத் தாண்டினதில்லை என் கொம்பி.
பிறகு காப்பெற் போட்டார்கள்.
அன்றைக்குத்தான் பயம் தொடங்கினது.

எழுபதாம் ஆண்டு வான். பின்னுக்கு எஞ்சின்,
நடுவில் ஒரு பலகைக் கட்டில், காஸ் அடுப்பு,
முந்நூற்றுப் பன்னிரண்டு மூக்குக்கண்ணாடி.
சந்தை கூடும் இடத்தில் நிறுத்திக் கண் பார்ப்பேன்.
இருட்டினால் அதற்குள்ளேயே படுப்பேன்.
நாலு சில்லுக்கும் டிறம்.
மாரியில் மதகொன்றைக் கடந்து வந்தால்
அடுத்த அரைக் கட்டைக்கு
பிறேக் என்பது ஒரு நேர்த்திக்கடன்.

காய்ந்திருந்தாலும் இடப்பக்கம் இழுக்கும்.
றோட்டோரம் மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகள்
நின்ற வருடங்களில்
இடப்பக்கம் இழுக்கிற வானை
வலப்பக்கம் பிடித்துப் பிடித்து ஓட்டினவன் நான்.
பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாங்குளத்தில் ரெஜினோல்ட் டிறம்மைக் கழற்றினான்.
"ஊதாதேங்கோ அண்ணை, நஞ்சுத் தூசி."
ஈரச் சீலையால் ஒற்றி எடுத்தான்.
இடச் சில்லில் லைனர் நகத்தளவு.
வலச் சில்லில் பெட்டியால் எடுத்தது மாதிரிப் புதுசு.
இத்தனை காலமும் ஒன்று உழைக்க
மற்றது சும்மா சுற்றி வந்திருக்கிறது.
மூடிக் கிடந்ததால் தெரியவில்லை.

முன் இரண்டுக்கும் டிஸ்க்,
பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்சில் வந்தது.
கலிப்பர், நக்கிள், ரிம், எல்லாம்
பிந்தின மொடல் ஒன்றின் உடம்பிலிருந்து.
விலையைச் சொன்னேன். போனில் லதாங்கி கேட்டாள்:
"ஓடுறதுக்கில்லை, நிக்கிறதுக்கோ
இவ்வளவு காசு?"

காற்றெடுக்க இரண்டு பேர் வேணும்.
அவன் கீழே. நான் மிதியில்.
அமத்துங்கோ. அமத்தினேன்.
பிடியுங்கோ. பிடித்தேன்.
சோடாப் போத்தலுக்குள் குமிழி விட்டது குழாய்.
விடுங்கோ.
விடுங்கோ அண்ணை.
விட்டிட்டன் என்றேன்.
குனிந்து பார்த்தால்
கால் மிதியில்தான் இருந்தது.

பனிக்கங்குளம் போகமுன்னம் எரிந்த மணம்.
ரிம்மில் கை வைக்க ஏலாது.
மிதிக்காமலே பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது வான்.
அரை நாள் தேடினான்.
பழைய மாஸ்ரர் சிலிண்டருக்குள்
உளுந்தளவில் ஒரு வால்வு.
டிறம்முக்கு அது தேவையாம்:
காலை எடுத்த பிறகும் லைனுக்குள்
கொஞ்ச அழுத்தத்தை மிச்சம் வைத்திருக்கும்,
அடுத்த மிதிக்கு ஆயத்தமாய்.
"டிஸ்க்குக்கு உது கூடாது.
விட்டால் முழுக்க விடவேணும்."
என் உள்ளங்கையில் வைத்தான்.
எறிய மனம் வரவில்லை.
கண்ணாடித் திருகாணி டப்பாவுக்குள் போட்டேன்.

அன்றிரவு, முறிகண்டிக்கு இங்கால,
காப்பெற் சூட்டில் படுத்திருந்தன இருபது மாடு.
மிதித்தேன்.
பக்கென்று நின்றது வான்.
வான் மட்டும்.
கேத்தில் நிற்கவில்லை, அடுப்பு நிற்கவில்லை.
கட்டிலுக்குக் கீழே அடுக்கின பெட்டிகள்
வாய் பிளந்து
முந்நூற்றுப் பன்னிரண்டு கண்ணாடியும்
என் தோளுக்கு மேலால் பறந்து
டாஷ்போட்டில் விழுந்தன.

இறங்கிப் பார்த்தேன்.
வெள்ளைக் கோட்டுக்குக் குறுக்கே
வலப்பக்கம் சரிந்து நின்றது வான்.
இழுத்தது அதில்லை.
நான்தான்.

ஒரு நாம்பன் மட்டும் எழும்பி
லைற்றுக்குள் நின்று அசை போட்டது.
மற்றதுகள் அசையவேயில்லை.
ரோச் அடித்துப் பொறுக்கி முடிய
ஒரு மணித்தியாலம்.
உடைந்தது ஏழு, அதில் இரண்டு
வாசிப்புக் கண்ணாடி.
நாளைக்கு ரெஜினோல்ட்டிடம் கேட்கவேணும்,
பெட்டித் தட்டுக்கு
குறுக்கே அடிக்க ஒரு சட்டம்.