துணி காயாத நாட்கள்

படிவத்தில் ஏழாவது கேள்வி:
இன்று நாற்றம் எவ்வளவு?
பூஜ்ஜியம் முதல் ஐந்து வரை வட்டமிடவும்.

ரோவீனா அதை வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம்
குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்,
ஆஸ்பத்திரியில் எடை கேட்பதுபோல.

வடக்குக் கரோலினாவின் கிழக்கே
மக்காச்சோளம் முடிந்து பைன் மரம் தொடங்கும் மணல் சாலையில்
இது அவளுக்கு இருபத்து மூன்றாவது வீடு.
முதல் வீட்டில் நாய்.
அடுத்ததில் தொலைக்காட்சி மட்டும் பதில் சொன்னது.
டிரெய்லர் வீட்டு ஹொண்டுராஸ்காரர்
ஐந்துக்குப் பக்கத்தில் தானே ஒரு ஆறு எழுதி
அதை வட்டமிட்டுக் கொடுத்தார்.
பெயர் எழுத மாட்டேன் என்றார்.
பெயரில்லாத ஆறை எந்தப் பெட்டியில் போடுவதென்று
அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஒசீலியா கதவைப் பாதி திறந்தாள்.
கழுத்தில் பள்ளிப் பேருந்தின் சாவி,
கையில் ஈரத் துண்டு.
"போன வருஷமும் ஒருத்தி வந்தாள்.
குப்பியில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போனாள்.
தண்ணீர் போனது, பதில் வரவில்லை.
நீ எதை எடுத்துப் போக வந்தாய்?"

உள்ளே வரலாமா என்று மட்டும் கேட்டாள் ரோவீனா.

சமையலறை ஜன்னல் டேப் ஒட்டி அடைத்திருந்தது.
மரங்களுக்கு அந்தப் பக்கம் நாலாயிரம் பன்றிகள்.
அவற்றின் கழிவு நிற்கும் குளத்துக்கு
லகூன் என்று பெயர்,
கடற்கரை ஓட்டல் விளம்பரத்தில் வரும் அதே சொல்.
நிரம்பினால் வயலில் பீய்ச்சுவார்கள்.
காற்று எந்தப் பக்கம் என்று
குழாய் பார்ப்பதில்லை.

சுவரில் ஒரு காலண்டர்,
சவ அடக்க நிலையம் இலவசமாகத் தந்தது.
அதற்கடியில் போன வருஷத்தது. அதற்கடியில் முந்தையது.
ஒரே ஆணியில் பதினோரு வருஷம்.
சில கட்டங்களில் நீலப் பேனாக் கோடு.

"அது ஒன்றுமில்லை.
துணி வெளியே போட முடியாத நாள்."

ரோவீனா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.
அவள் சுமந்துவந்த படிவக் கட்டு
மேசையில் இளைத்துப்போய்க் கிடந்தது.
இரண்டு வருஷமாய் மாநிலம் கேட்பது இதைத்தான்:
தேதி இருக்கிறதா, தேதி.

புரட்டப் புரட்ட
நீலத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு எண்,
எட்டரை. பத்து. ஆறு.
நீலம் உள்ள கட்டத்தில் மட்டும்.

"இது?"

ஒசீலியா துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"கீனனின் ஓவர்டைம்.
அங்கே பம்ப் ஓட்டுவது அவன்தான்.
சம்பளத்தில் மணியைக் குறைத்துவிடுவார்கள் என்று
குறித்து வைக்கிறேன்."

வெளியே ஒரு லாரி போனது.
மகன் உழைத்த மணியும்
தாய் மூச்சடக்கிய மணியும்
ஒரே கட்டத்தில், தபால்தலை அகலத்தில்.

நீலத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா?
கேட்டது யார் என்று
பின்னால் யோசித்தபோது ரோவீனாவுக்கு நிச்சயமில்லை.

ஒருத்தி தேதி சொல்ல ஒருத்தி எழுதினாள்.
மூன்றாவது வருஷத்து மார்ச் முடிவதற்குள்
பேருந்துக்கு நேரமாகிவிட்டது.
மீதியை அடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்து.

விசாரணை செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு.
வேலைக்குப் போகிறவர்கள் வரமுடியாத நேரம்
ஒவ்வொரு தடவையும் எதேச்சையாக அமைந்துவிடுகிறது.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
"கையால் எழுதிய நகல்தானே? மூலம் இருக்கிறதா?"
கம்பெனி வக்கீல் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று
ரோவீனா மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசி வரிசையில் ஒசீலியா.
மடியில் மளிகைக் கடைக் காகிதப் பை,
கனத்தது.
கொடியிலிருந்து பறக்கப் பார்க்கும் துணியை
அமுக்கிப் பிடிப்பதுபோல
அதன்மேல் இரண்டு கையும்.

மணி இரண்டு நாற்பது.
மூன்றே காலுக்குப் பள்ளி வாசலில்
பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.